ரிப்போர்ட்டை எங்கே வைப்பது?

நிறுவனத்தின் கணக்கைப் பில்லாகவும் பட்டியலாகவும் எடுத்துத் தரும் ரிப்போர்ட் கருவிகளில் இரண்டு வகை உண்டு. பில் போடும் மென்பொருளுக்குள்ளேயே சேர்ந்து வருவது ஒன்று. தனி சர்வரில் இருந்துகொண்டு, பிரவுசர் வழியாகக் கேட்பவருக்கெல்லாம் கொடுப்பது இன்னொன்று. டாலியில் பார்க்கும் டிரயல் பேலன்ஸ் முதல் வகை. ஜோஹோ அனலிட்டிக்ஸ் இரண்டாம் வகை. மைக்ரோசாஃப்ட்டிடம் இரண்டுமே உண்டு. 2004இல் வந்த எஸ்எஸ்ஆர்எஸ் (எஸ்க்யூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ்) சர்வரில் இருப்பது. கிட்டத்தட்ட அதே வடிவத்தில் எழுதி புரோகிராமுக்குள் பொதிந்து வைப்பது ஆர்டிஎல்சி.

எதை எடுப்பது என்பதற்கு, அந்த ரிப்போர்ட்டுக்காக யார் காத்திருக்கிறார் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங் என்றும் ஜாப் ஒர்க்குக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் டிசி (டெலிவரி சலான்) வேண்டும். ஜிஎஸ்டி விதிப்படி மூன்று பிரதி. கேட்டில் டெம்போ நிற்க, ரோல் எண்ணிக்கையும் எடையும் நிறமும் அடித்தவுடன் தாள் வர வேண்டும். இங்கே சர்வரைத் தேடிப் போவது வீண் வேலை. மென்பொருளுக்குள் பொதிந்த ரிப்போர்ட், திரையில் அடித்த விவரத்தை அப்படியே வாங்கி அச்சிட்டுவிடும். அதற்கென்று தனி சர்வரும் வேண்டாம், தனி லாக்இன்னும் வேண்டாம்.

அதே டிசிக்கு இன்னொரு பக்கம் உண்டு. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி கேட்கப்படும். ஆகவே திரும்பாத டிசிகளின் பட்டியல் வாரந்தோறும் மெர்ச்சண்டைசருக்கும் கணக்கருக்கும் போக வேண்டும். டிசி போடும் ஸ்கிரீனை அவர்கள் திறப்பதே இல்லை. சர்வர் வகையில் திங்கள் காலை ஏழு மணி என்று குறித்துவிட்டால், பட்டியல் எக்செல்லாக மெயிலில் வந்து நிற்கும். கோவை நூற்பாலைகளில் கவுண்ட் வாரியான உற்பத்தி, ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்ற யுகேஜி கணக்கு ஆகியவையும் இப்படிப் போக வேண்டியவையே. மில்லில் இருப்பவருக்கும் அவினாசி சாலை அலுவலகத்தில் இருப்பவருக்கும் ஒரே எண் தெரிய வேண்டும்.

பொதிந்த வகையின் தொல்லை, படிவம் மாறும்போதுதான் தெரியும். ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. பில்லில் கியூஆர் கோடு ஏற வேண்டும். படிவம் புரோகிராமுக்குள் இருந்தால், அதை மாற்றிப் புதிதாகக் கட்டி, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் போட வேண்டும். ஒரு மெஷினில் விட்டுப்போனால் அங்கே பழைய பில்லே வரும். பொதிந்து வைக்கும் இன்னொரு கருவியான கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்றால் அதன் ரன்டைம் பதிப்பும் எல்லா மெஷினிலும் பொருந்த வேண்டும். அந்தப் பாடு பட்டவர்களுக்குத் தெரியும். சர்வரில் இருந்தால் ஒரே கோப்பை மாற்றினால் போதும்.

சர்வருக்கும் செலவு உண்டு. லைசென்ஸ், பேக்கப், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் எல்லாம் வேண்டும். இலவச டேட்டாபேஸான எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸுடன் எஸ்எஸ்ஆர்எஸ்ஸை ஓட்டலாம். ஆனால் நேரம் குறித்து மெயில் அனுப்பும் வசதி அதில் கிடையாது. சர்வரைத் தேடிப் போவதே பெரும்பாலும் அந்த வசதிக்காகத்தான். அனுமதியும் தனியாகக் கொடுக்க வேண்டும். கவனக்குறைவாக விட்டால் நூல் வாங்கிய ரேட்டை ஊரே பார்க்கும். மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்டாக் லெட்ஜரைக் கேட்டால் பில் போடுவதும் மந்தமாகும். இதற்கு, கனமான ரிப்போர்ட்டுகளை இரவிலேயே ஓட்டி எடுத்து வைத்துவிடுவது வழக்கம்.

இப்போது புதிதாகத் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. எஸ்க்யூஎல் சர்வர் 2025உடன் புதிய எஸ்எஸ்ஆர்எஸ் பதிப்பு வரவில்லை. அதன் இடத்தில் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் வந்திருக்கிறது. எஸ்எஸ்ஆர்எஸ்ஸின் 2022 பதிப்புக்கு 2033 ஜனவரி வரை ஆதரவு உண்டு. எஸ்எஸ்ஆர்எஸ்ஸுக்கு எழுதிய பழைய ஆர்டிஎல் கோப்புகள் புதிய சர்வரிலும் ஓடும் என்பதால், எழுதி வைத்த ரிப்போர்ட்டுகளை முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை.