இஞ்சி எலுமிச்சைப் பானம்: நாஞ்சில் நாட்டுக் கோடைக்கு ஒரு தாகசாந்தி

கடலும் மலையும் நெருங்கி நிற்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில், வெயிலின் உக்கிரம் உள்நாட்டு மாவட்டங்களில் உள்ள அளவுக்கு ஏறுவதில்லை என்றாலும், காற்றில் எப்பொழுதும் நிறைந்திருக்கும் ஈரத்தின் காரணமாக, உடலில் அரும்பும் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை; ஆவியாகித் தேகத்தைக் குளிர்விக்க வேண்டிய வியர்வை தோலின்மீது வழிந்து சொட்டிப்போவதால், தேகம் மேலும் மேலும் வியர்த்து, நீரையும் உப்பையும் இழந்துகொண்டே இருக்கிறது. தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுக்காக்களில் வயல்வேலை செய்கிறவர்களும், கடற்கரை ஊர்களில் கரைமடி இழுக்கிறவர்களும், பனைத்தொழில் செய்கிறவர்களும் பங்குனி, சித்திரை மாதங்களில் அடையும் களைப்புக்குப் பெரும்பாலும் இந்த இழப்பே காரணம்.

இழந்ததை ஈடுசெய்வதற்குத் தூய தண்ணீரே முதற்பொருள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெறுந்தண்ணீரைப் போதிய அளவு பருக மனம் ஒப்பாதவர்கள் பலர். அவர்களைப் பருகச் செய்யும் உபாயங்களுள், செலவு குறைந்ததும், போதை கலவாததும், வீட்டிலேயே சிறிது நேரத்தில் செய்துகொள்ளத் தக்கதுமான இஞ்சி எலுமிச்சைப் பானத்துக்குத் தனியிடம் உண்டு. இதன் பிரயோஜனம் இரண்டு அளவுகளைப் பொறுத்தது: ஒன்று, சேர்க்கும் இனிப்பின் அளவு; மற்றொன்று, செய்து வைத்திருக்கும் நேரத்தின் அளவு. முன்னது மிகுந்தால் நோய்க்கு வழி. பின்னது மிகுந்தால் புளிப்புக்கும் போதைக்கும் வழி.

முன்னோர் வழக்கம்

1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்தோடு இணைவதற்கு முன் நெடுங்காலம் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த இப்பகுதியில், மலையாள நாட்டு உணவு வழக்கங்களும் பாண்டிநாட்டு உணவு வழக்கங்களும் ஒன்றோடொன்று கலந்து நிலைத்திருக்கின்றன. மோரில் நீரைப் பெருக்கி, இஞ்சியும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட சம்பாரம். வெல்லமோ கருப்பட்டியோ கரைத்து, சுக்கும் ஏலமும் எலுமிச்சஞ்சாறும் சேர்த்து ராமநவமியன்று நிவேதனம் செய்யும் பானகம். அம்மன் கோயில் கொடைகளில் புளி கரைத்து வழங்கும் பானக்காரம். கடைத்தெருவில் களைத்து வந்தவர் கேட்டு வாங்கிப் பருகும் போஞ்சி என்னும் எலுமிச்சைச் சாறு. இவையனைத்தும் கோடைத் தாகத்துக்கு நம் மக்கள் கண்டுவைத்த பரிகாரங்களே. புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கச் செய்து நாவறட்சியைப் போக்குகிறது. சிட்டிகை உப்பு வியர்வையோடு போன உப்பை மீட்டுத் தருகிறது. சிறிதளவு இனிப்பு குடலில் நீரும் உப்பும் உறிஞ்சப்படுவதற்குத் துணைசெய்கிறது. சரீர சாஸ்திரம் பிற்காலத்தில் விளக்கிய காரணங்களை அறியாமலே, அநுபவத்தினால் அவர்கள் சரியான சேர்க்கையை அடைந்துவிட்டார்கள்.

புளித்தலும் போதையும்

பனையிலிருந்து இறக்கும் அக்கானி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் தித்திப்பு மாறாமலிருந்து கருப்பட்டி காய்ச்ச உதவுகிறது. சுண்ணாம்பு இல்லாவிட்டாலோ, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்ற, சில மணி நேரத்திலேயே அது கள்ளாகிவிடுகிறது என்பதைப் பனங்காட்டு ஊர்களில் அறியாதவர் இல்லை. இஞ்சிப் பானத்துக்கும் இந்த நியதி பொருந்தும். இங்கிலாந்தில் இஞ்சியையும் சர்க்கரையையும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கச்செய்து ‘ஜிஞ்சர் பீர்’ வடித்துப் பருகும் வழக்கம் பரவியிருந்தது. அதைப் புளிக்க வைப்பது எது என்பதை ஆராய்ந்து, ஈஸ்டும் ஒருவகைப் பாக்டீரியாவும் கூடி வாழ்ந்து அந்தக் காரியத்தைச் செய்கின்றன என்று 1892-இல் வெளியிட்டவர் ஹாரி மார்ஷல் வார்டு. இலங்கைக் காப்பித் தோட்டங்களைப் பாழாக்கிய இலைத்துரு நோயை 1880 முதல் 1882 வரை அங்கேயே தங்கி ஆராய்ந்த அறிஞரும் அவரே.

மது, தாகத்தைத் தணிப்பதுபோல் முதலில் தோன்றினாலும், சிறுநீர் மிகுதியாகப் பிரியாமல் காக்கும் ஹார்மோன் சுரப்பதைக் குறைத்து, பருகிய நீரையும் உடலில் தங்கவிடாமல் வெளியேற்றிவிடுகிறது. ஆகையால் வியர்த்துக் களைத்தவருக்கு வேண்டியது புளிக்காத பானமே. அதைப் புளிக்காமல் வைத்துக்கொள்ளும் வழி, அன்றன்று செய்து அன்றன்றே பருகிவிடுவதுதான்.

இஞ்சியின் குணங்கள்

பச்சை இஞ்சிக்குக் காரம் தருவது ஜிஞ்சரால் என்னும் பதார்த்தம். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் என்னும் வேறொரு பதார்த்தமாக மாறுகிறது. அது முன்னதைவிடக் காரம் மிக்கதாதலால், சுக்குக் காப்பி தொண்டையில் இறங்கும்போது தோன்றும் உறைப்பு பச்சை இஞ்சியில் தோன்றுவதில்லை. குமட்டலைத் தணிப்பதில் இஞ்சிக்குள்ள ஆற்றல், குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்குத் தொடக்க மாதங்களில் ஏற்படும் மசக்கையில், மருத்துவப் பரிசோதனைகளால் ஓரளவு உறுதிப்பட்டிருக்கிறது. உணவு வயிற்றிலிருந்து குடலுக்கு இறங்குவதை இஞ்சி துரிதப்படுத்துவதாகவும் ஆராய்ச்சிகள் காட்டுவதால், விருந்துண்டபின் சிறிது இஞ்சி கொள்ளும் நம் வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுவதற்கில்லை. ஆனால் இஞ்சி புற்றுநோயைப் போக்கும், கொழுப்பைக் கரைத்துவிடும் என்றெல்லாம் பரப்பப்படும் வார்த்தைகளை நம்பி, உண்ணும் மருந்தை நிறுத்திவிடுவது பெரும் பேதைமையாகும்.

எலுமிச்சையின் குணங்கள்

நெடுங்கடற் பயணத்தில் ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து மாலுமிகள் மடிந்துகொண்டிருந்த காலத்தில், ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை வைத்தியர் 1747-இல், நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு பரிகாரம் அளித்துப் பார்த்து, ஆரஞ்சும் எலுமிச்சை இனப் பழமும் உண்டவர்களே விரைவில் தேறினார்கள் என்று கண்டார். அந்தக் குணத்துக்குக் காரணமான வைட்டமின் சி நம் எலுமிச்சையிலும் உண்டு. எனினும் உண்மையை மிகைப்படுத்தலாகாது: 100 கிராம் எலுமிச்சஞ்சாற்றில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் வைட்டமின் சி இருப்பதாகக் கொண்டால், ஒரு தம்ளர் பானத்தில் கிடைப்பது அன்றாடத் தேவையில் சிறு பகுதியே; நெல்லிக்காயும் கொய்யாவும் இவ்வகையில் எலுமிச்சையை வெகுதூரம் விஞ்சுவன.

ஆயினும் எலுமிச்சைக்கு வேறிரண்டு சிறப்புகள் உண்டு. கீரை, பயறு முதலிய தாவர உணவுகளிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள அதன் புளிப்பும் வைட்டமினும் துணைபுரிகின்றன. தேயிலையோ அதற்குத் தடையாகிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை இருப்பதாக ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுவதை நினைத்தால், சாப்பாட்டை ஒட்டித் தேநீர் பருகும் பழக்கத்தை விட்டு இப்பானத்தைப் பருகுவது நலம். மேலும், எலுமிச்சையிலுள்ள சிட்ரேட், போதிய நீரோடு சேரும்போது, சிறுநீரகத்தில் சுண்ணக்கல் உருவாவதைத் தடுக்க உதவுகிறது.

இனிப்பின் அளவு

உணவோடும் பானத்தோடும் தனியே சேர்க்கும் சர்க்கரை, நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் அடங்கினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. கடையில் வாங்கும் இனிப்புச் சோடாப் புட்டிகளிற் பல, 300 மில்லிலிட்டரிலேயே அந்த அளவைக் கடந்துவிடுகின்றன. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. இந்நிலையில், கருப்பட்டி நாட்டுப்பொருளாதலால் எவ்வளவு சேர்த்தாலும் தீங்கில்லை என்று நம்புவோர் பலர். கருப்பட்டியில் தாதுச் சத்துகள் சிறிது உண்டு; மணமும் சுவையும் உயர்ந்தவை; ஆனால் அதுவும் பெரும்பங்கு சர்க்கரையே. நீரிழிவு உடையவர்கள் கருப்பட்டியையும் தேனையும் தவிர்த்து, உப்பும் இஞ்சியும் எலுமிச்சையும் மட்டும் சேர்த்த பானத்தைப் பருகுவதே தக்கது.

வேண்டிய பொருள்கள் (நால்வருக்கு)

கொதிக்கவைத்து ஆறிய நீர்: 1 லிட்டர்
பச்சை இஞ்சி: 25 கிராம்
சாறு நிறைந்த எலுமிச்சம்பழம்: 3
கருப்பட்டி: 40 கிராம்
உப்பு: கால் தேக்கரண்டி
ஏலக்காய்: 2
கிராம்பு: 1 (விரும்பினால்)

நம் மாவட்டத்து மாறாமலைப் பகுதியில் விளையும் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றது. மணம் மிகுந்ததாதலால் ஒன்றே போதும்.

செய்முறை

இஞ்சியின் கணுக்களில் மண் ஒட்டியிருக்குமாதலால், முதலில் நீரில் ஊறவைத்துக் கழுவி, பிறகு தோலைச் சுரண்டி நீக்கி, அம்மியில் வைத்து நைத்துக்கொள்ள வேண்டும். நைத்த இஞ்சியில் அரைத் தம்ளர் நீர் ஊற்றிப் பிசைந்து, மெல்லிய துணியில் பிழிந்து, சாற்றைப் பத்து நிமிஷம் அசையாமல் வைத்தால், அடியில் வெண்மையாக ஒரு படிவு தங்கும். அதை நஞ்சென்று அஞ்சுவாரும் உளர். உண்மையில் அது பெரும்பாலும் இஞ்சியின் மாவுச்சத்தே. எனினும் பானம் தெளிவாக இருக்கும்பொருட்டு, மேலே நிற்கும் சாற்றை மட்டும் இறுத்துக்கொள்ளலாம்.

கருப்பட்டியைத் தட்டி, சிறிது வெந்நீரில் கரைத்து, மணலும் தூசும் போக வடிகட்டி, ஏலக்காயையும் கிராம்பையும் நசுக்கிப் போட்டு ஆறவிட வேண்டும். நன்றாக ஆறியபின் இஞ்சிச் சாறு, உப்பு, மீதி நீர் ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்கி, கடைசியாகவே எலுமிச்சையைப் பிழிய வேண்டும். சூட்டில் பிழிந்தால் வைட்டமின் சி குறைவதோடு புத்துணர்வான மணமும் போய்விடும். பழத்தை அளவுக்கு மீறி நசுக்கினாலும், விதைகள் விழுந்து கிடந்தாலும், கசப்பு ஏறும். நுரையை விரும்புவோர், நீரில் பாதியைக் குறைத்துக் கெட்டியாகக் கலந்து வைத்துக்கொண்டு, பருகும் நேரத்தில் வெறுஞ்சோடாவை ஊற்றிக்கொள்ளலாம்.

பாத்திரமும் சுத்தமும்

புளிப்பு, பித்தளையையும் செம்பையும் அரித்து அவற்றின் உலோகத்தைப் பானத்தில் கலக்கச் செய்யும்; ஈயம் பூசாத பழைய பித்தளைப் பாத்திரங்களும், அலுமினியப் பாத்திரங்களும் இதற்கு ஆகா. மண்பானை, கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் ஆகியவை உகந்தவை. மீன் பதப்படுத்தப் பயன்படும் பனிக்கட்டியைப் பானத்தில் ஒருபோதும் இடலாகாது. குளிர்ச்சி வேண்டுமானால் புது மண்பானையே போதும். வெளியில் வைத்த பானத்தை இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள்ளும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததை அன்றைக்குள்ளும் பருகிவிட வேண்டும். குமிழியிட்டு நுரைத்தாலும், புது வாடை வீசினாலும், இரக்கமின்றிக் கொட்டிவிட வேண்டும்.

யார் கவனமாயிருக்க வேண்டும்

லண்டன் மிஷன் சங்கத்தாரின் நெய்யூர் ஆஸ்பத்திரியில், 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகர முயற்சியில் பங்குகொண்டபின் பணியேற்ற ஹோவர்டு ஸோமர்வெல் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், தென் திருவிதாங்கூரில் மிகுந்திருந்த குடற்புண்ணுக்குச் சிகிச்சை செய்து புகழ்பெற்றார். அந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவே என்பதை, பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் கண்டறிந்து, அதற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆகவே காரமும் புளிப்பும் புண்ணை உண்டாக்குகின்றன என்று சொல்வதற்கில்லை. ஆனால் இருக்கும் புண்ணையும் நெஞ்செரிச்சலையும் அவை தூண்டக்கூடும். அத்தகையோர் வெறும் வயிற்றில் இதைத் தவிர்க்க வேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போரும், பித்தப்பைக் கல் உடையோரும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்போரும், கர்ப்பிணிகளும் தம் வைத்தியரைக் கேட்டே இஞ்சியை அன்றாடம் கொள்ள வேண்டும். இரத்தக்கொதிப்பு உடையவர்கள் உப்பை விட்டுவிடலாம். எலுமிச்சையின் புளிப்பு பல்லின் எனாமலைக் கரைப்பதால், பானத்தை வாயில் வைத்துக்கொண்டிராமல் பருகி, வெறுநீரால் வாய் கொப்பளிப்பதும், அரைமணி நேரம் பல் துலக்காமலிருப்பதும் நல்லது. வயிற்றுப்போக்கு மிகுந்தபோது இப்பானத்தை நம்பியிராமல், சுகாதார நிலையங்களில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலையே கொடுக்க வேண்டும். அதில் உள்ள உப்புகளின் விகிதம் இதில் இல்லை.

விழாக்களில் வழங்குவோருக்கு

கல்யாண வீடுகளிலும் கோயில் கொடைகளிலும் புட்டிச் சோடாக்களுக்குப் பதிலாக இப்பானத்தை நூறு பேருக்கு வழங்க எண்ணுவோர், 25 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி, 75 எலுமிச்சம்பழம், அறுநூறு கிராமுக்குச் சற்று மேற்பட்ட இஞ்சி, ஆறு தேக்கரண்டி உப்பு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். கருப்பட்டிப் பாகையும் இஞ்சிச் சாற்றையும் தனித்தனியே ஆயத்தம் செய்து மூடிவைத்து, பந்தி பந்தியாக ஆட்கள் வரும்போது அந்தந்த அளவுக்கு மட்டும் கலந்து எலுமிச்சை பிழிவதும், இனிப்பு விலக்கியவர்களுக்கென்று ஒரு பாத்திரத்தைத் தனியே வைத்து அதை அறிவித்துவிடுவதும், விருந்தளிப்போர் மறவாமல் செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள்.