பலகை அதே, பாடம் வேறு!

கரும்பலகையில் கணக்குப் பாடம் இருக்கிறது. அதில் ஓர் எழுத்தை அழித்து, அங்கே 'நிற்க' என்பதற்கு ஒரு சிவப்புக் குறி இடுகிறீர்கள். அழித்த எழுத்தை நினைவில் வைத்துக்கொள்கிறீர்கள். புரோகிராமில் பிழை தேட உதவும் 'டீபக்கர்' செய்வதும் இதுதான். ஒரு கட்டளையை எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் நிறுத்தக் கட்டளையை எழுதும்.

மணி அடிக்கிறது. பலகை துடைக்கப்பட்டு, வரலாற்றுப் பாடம் ஏறுகிறது. லினக்ஸில் இதுதான் 'எக்ஸெக்'. ஓடும் புரோகிராம் தன் இடத்தில் இன்னொன்றை ஏற்றிவிடும். அதன் அடையாள எண் மாறாது. இதை அறியாத டீபக்கர் பழைய எழுத்தைத் திரும்ப எழுதினால்? புதிய பாடம் கெட்டுவிடும்! பிழை தேட வந்ததே பிழை செய்துவிடும்.

சோதிப்போமா? இரண்டு சிறு புரோகிராம்கள் எழுதுங்கள். முதலாவது இரண்டாவதை எக்ஸெக் செய்யட்டும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-ல் எழுதிய 'ஜிடிபி' என்ற டீபக்கரிடம், 'மெயின்' பகுதியில் நிறுத்தச் சொல்லுங்கள். அது இரு முறை நிற்க வேண்டும்: முதல் புரோகிராமில் ஒரு முறை, இரண்டாவதில் ஒரு முறை. இறுதி விடை, இரண்டாவது தனியே ஓடும்போது வரும் விடையாகவே இருக்க வேண்டும்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அக்காவின் பழைய மடிக்கணினி வீட்டில் இருக்கிறதா? ஜிடிபியை ஏற்றிக்கொண்டால், சோழபுரத்தில் இருந்தபடியே செய்து பார்க்கலாம்!