வீடு வாங்குமுன் ஏரியின் எல்லையை அறிவோம்

மெட்டுகுடா இரயில்வே குடியிருப்புகளில் பல்லாண்டுகள் வாழ்ந்து, பணி ஓய்வை நெருங்கும் வாடிக்கையாளர்கள் பலர், ஹைதராபாத்தின் புறநகர் அடுக்குமாடி வளாகங்களில் வீடு வாங்க எங்களை நாடி வருகின்றனர். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் முதலியவற்றைத் தவறாது கொணர்பவர்கள்கூட, அந்நிலத்தில் மழைநீர் எதுவரை நிற்கும் என்று வினவுவது அரிது. வாழ்நாள் சேமிப்பைக் காக்கும் வினா அதுவே.

தக்காணப் பாறைநிலத்தில் மழைநீரைத் தேக்க, முன்னோர் ஏரிகளைச் சங்கிலித் தொடராக அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அந்நீர் அடுத்த ஏரியைச் சேரும். இடையிலுள்ள கால்வாய் மறிக்கப்பட்டால், நீர் குடியிருப்புக்குள் புகும். 2020 அக்டோபர் பெருமழையில் ஹைதராபாத்தின் ஏரியோரக் குடியிருப்புகள் பல நீரில் மூழ்கியதை நாம் கண்டோம்.

ஏரி முழுமையாக நிரம்பும்போது நீர் எட்டும் எல்லையே முழுக் கொள்ளளவு எல்லை எனப்படும். தெலங்கானா கட்டட விதிகளின்படி, 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகளில் இவ்வெல்லையிலிருந்து 30 மீட்டரும், சிறிய ஏரிகளில் 9 மீட்டரும் கட்டடமின்றி விடப்பட வேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நீர் வற்றும் காலத்தில் பயிரிடுவதற்காக, ஏரிக்குள்ளேயே தனியார் பட்டா நிலங்கள் உள்ளன. இவற்றைச் 'சிகம்' நிலங்கள் என்பர். பட்டா மெய்யானதாக இருக்கலாம், வில்லங்கமும் இல்லாதிருக்கலாம். ஆயினும் அங்கு வீடு கட்ட அனுமதியில்லை. உரிமை வேறு, கட்டும் அனுமதி வேறு. 2024 ஜூலையில் ஹைட்ரா முகமை தோற்றுவிக்கப்பட்டபின், ஏரி எல்லைக்குள் எழுந்த கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன.

எனவே, முன்பணம் தருமுன் மூன்றினைச் சரிபார்த்தல் நலம்.

ஒன்று: ஹைதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையம் வெளியிட்டுள்ள ஏரி வரைபடத்தில், மனையின் சர்வே எண் எல்லைக்குள் வருகிறதா என்று காண்க. ஐயமிருப்பின் நீர்ப்பாசன, வருவாய்த் துறைகளை அணுகுக.

இரண்டு: திட்டம் தெலங்கானா ரெரா அமைப்பில் பதிவாகியுள்ளதா என்று காண்க.

மூன்று: 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள வளாகமாயின், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அதன் நகலைக் கேட்டு, மழைநீர் வடிகால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு குறித்த நிபந்தனைகளைப் படிக்க.

வங்கி கடன் வழங்கியதாலேயே மனை பாதுகாப்பானது என்று கருதலாகாது. எங்கள் ஆய்வு உங்கள் விசாரணைக்குத் துணையே அன்றி, மாற்று அன்று. வீடு இடிந்தாலும் மாதத் தவணை நிற்பதில்லை. கோடையில் மனையைப் பார்த்து மகிழ்ந்தவர்கள், ஒரு மழைநாளிலும் அதனைச் சென்று பார்த்தபின் கையொப்பமிடுவதே அறிவுடைமை.