சாலஞ்சர் விபத்தும் பொறியாளர்களின் எச்சரிக்கையும்

சாலஞ்சர் என்பது ஐக்கிய அமெரிக்காவின் விண்வெளி நிறுவனமான நாசா இயக்கிய விண்ணோடங்களுள் ஒன்றாகும். 1986 ஆம் ஆண்டு சனவரி 28 ஆம் நாள், ஏவப்பட்ட 73 ஆவது நொடியில் இது வானில் சிதைந்தது. ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உட்பட அதில் சென்ற 7 பேரும் உயிரிழந்தனர். உந்துகலங்களைத் தயாரித்த மோர்ட்டன் தயோக்கோல் நிறுவனத்தின் பொறியாளர்கள் இவ்வாபத்தை முன்னரே எச்சரித்திருந்தனர். நிறுவனங்களின் தவறுகளை உள்ளிருந்து வெளிப்படுத்துவோரின் நிலைக்கு எடுத்துக்காட்டாக, இந்நிகழ்வு பொறியியல் அறவியல் பாடங்களில் கற்பிக்கப்படுகிறது.

சிக்கலின் தன்மை

விண்ணோடத்தின் இருபுறமும் இருந்த திண்ம எரிபொருள் உந்துகலங்கள் பல துண்டுகளாகச் செய்யப்பட்டுப் பின்னர் ஒன்றாகப் பொருத்தப்பட்டவை. பொருத்துவாய்களின் வழியே வெப்ப வளிமம் கசியாதிருக்க, ஒவ்வொன்றிலும் ஓ-வளையம் எனப்படும் இரப்பர் வளையங்கள் இரண்டு வைக்கப்பட்டன. எரிதல் தொடங்கியதும் பொருத்துவாய் சற்றே விரியும். அந்த இடைவெளியை வளையம் உடனடியாக அடைக்க வேண்டும். ஆனால் குளிரில் இரப்பர் இறுகி, அதன் மீளும் வேகம் குறைந்துவிடும்.

1985 சனவரியில், வளையங்களின் வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியசாக இருந்தபோது ஒரு விண்ணோடம் ஏவப்பட்டது. பின்னர் மீட்கப்பட்ட உந்துகலங்களை ஆராய்ந்த பொறியாளர் ரோஜர் போஷலே, முதல் வளையத்தைக் கடந்து வளிமம் கசிந்திருந்ததைக் கண்டார். இச்சிக்கல் தீர்க்கப்படாவிடில் மனித உயிர்கள் பலியாகக்கூடும் என்று 1985 சூலை 31 அன்று தம் நிறுவனத்தின் துணைத் தலைவருக்கு எழுத்து மூலம் அறிவித்தார். இதற்கென ஒரு குழு அமைக்கப்பட்டபோதும், அதற்குப் போதிய ஆட்களும் வசதிகளும் அளிக்கப்படவில்லை.

ஏவலுக்கு முந்தைய இரவு

சனவரி 27 அன்று கடுங்குளிர் எதிர்பார்க்கப்பட்டதால், தொலைபேசி வழியே கூட்டம் ஒன்று நடைபெற்றது. 12 பாகைக்குக் கீழ் ஏவ வேண்டாம் என்று தயோக்கோல் முதலில் பரிந்துரைத்தது. நாசாவின் மார்ஷல் மைய அலுவலர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். தயோக்கோல் நிறுவனத்தார் தனியே கலந்து பேசிய ஏறத்தாழ அரைமணி நேரத்தில், பொறியாளராகச் சிந்திப்பதை விடுத்து மேலாளராக முடிவெடுக்குமாறு பொறியியல் துணைத் தலைவர் கேட்டுக்கொள்ளப்பட்டார். பின்னர் மேலாளர்கள் நால்வர் மட்டும் பரிந்துரையை மாற்றினர். ஏவுமையத்தில் இருந்த அந்நிறுவனத்தின் அதிகாரி ஆலன் மெக்டொனால்ட் ஒப்பமிட மறுத்தார், வேறொருவர் ஒப்பமிட்டார்.

வழமையாக, ஏவுதல் பாதுகாப்பானது என்று நிறுவவேண்டும். அன்றிரவோ, பாதுகாப்பற்றது என்று ஐயமற நிறுவும் சுமை பொறியாளர்கள் மீது வைக்கப்பட்டது. குறைந்த வெப்பநிலைக்கான தரவுகள் போதாமல் இருந்ததால் அவர்களால் அதனை நிறுவ இயலவில்லை. மறுநாள் ஏவலின்போது வெப்பநிலை சுமார் 2 பாகையாக இருந்தது.

வெளிப்படுத்தலும் விளைவுகளும்

விபத்தை ஆராய ரோஜர்ஸ் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மெக்டொனால்டும் போஷலேயும் நடந்தவற்றை அதன்முன் வெளிப்படுத்தினர். போஷலே தம் எச்சரிக்கைக் கடிதம் உள்ளிட்ட ஆவணங்களையும் அளித்தார். தயோக்கோலின் முதல் பரிந்துரை, ஏவலுக்கு இறுதி ஒப்புதல் அளித்த நாசா உயர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதை ஆணைக்குழு கண்டறிந்தது.

சாட்சியமளித்த பின்னர் இருவரும் தம் பொறுப்புகளிலிருந்து ஒதுக்கப்பட்டனர். அமெரிக்கக் காங்கிரசின் தலையீட்டுக்குப் பின், பொருத்துவாயை மறுவடிவமைக்கும் பணி மெக்டொனால்டிடம் ஒப்படைக்கப்பட்டது. உடன் பணியாற்றியோரால் புறக்கணிக்கப்பட்டு உடல்நலம் குன்றிய போஷலே நிறுவனத்திலிருந்து விலகினார். 1988 இல் அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுக் கழகம் அவருக்கு அறிவியல் சுதந்திரம் மற்றும் பொறுப்புக்கான விருதை வழங்கியது. அவர் 2012 இல் காலமானார். தயோக்கோல் நிறுவனமோ சட்டப்படியான பொறுப்பை ஏற்காமலே, தன் ஒப்பந்தக் கட்டணத்தில் 1 கோடி டாலர் குறைக்கப்படுவதற்கு மட்டும் இணங்கியது.

பிற்காலம்

மறுவடிவமைக்கப்பட்ட பொருத்துவாய்களுடன் 1988 செப்டம்பரில் விண்ணோடப் பயணங்கள் மீண்டும் தொடங்கின. எனினும் 2003 பெப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதைந்து மேலும் 7 பேர் இறந்தனர். அப்பயணத்தின்போது, இறக்கையில் ஏற்பட்டிருக்கக்கூடிய சேதத்தைப் படம்பிடிக்குமாறு பொறியாளர்கள் விடுத்த கோரிக்கைகள் நிறைவேற்றப்படவில்லை. கழன்று மோதிய நுரைக்காப்பைப் போலவே நாசாவின் நிறுவனப் பண்பாடும் அவ்விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு தன் அறிக்கையில் குறிப்பிட்டது. பொருத்துவாய் திருத்தப்பட்டது, எச்சரிக்கை மேலே செல்லும் வழி திருத்தப்படவில்லை என்பதை இது காட்டியது.