பார்லிமெண்டுக்குப் பூட்டு! கூடாரத்தில் பதவி ஏற்ற பெண் பிரதமர்

2021-ம் ஆண்டு மே மாதம் 24-ந்தேதி, திங்கட்கிழமை. பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவா நாட்டின் பார்லிமெண்டு அன்று கூட வேண்டும். புதிய பிரதமர் பதவி ஏற்க வேண்டும்.

பிரதம நீதிபதி அங்கி அணிந்து வந்தார். கதவு பூட்டியிருந்தது! பதவி ஏற்க வந்த பெண்மணியும் அவருடைய கட்சி உறுப்பினர்களும் வாசலிலேயே நின்றார்கள். ஆதரவாளர்கள் பக்திப் பாடல்கள் பாடினார்கள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. கதவு திறக்கவில்லை. மாலையில், வெளியே புல்தரையில் போட்டிருந்த கூடாரத்திலேயே அவர் பிரதமராகப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

அவர் பெயர் பியாமே நவோமி மட்டாபா. சமோவாவின் முதல் பெண் பிரதமர்.

பிரதமரின் மகள்

சமோவா மிகச் சிறிய நாடு. ஜனத்தொகை சுமார் 2 லட்சம். நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்து 1962-ல் விடுதலை பெற்றது. சுதந்திர சமோவாவின் முதல் பிரதமர், நவோமியின் தந்தை. தாயார் ஆசிரியை. அவரும் பார்லிமெண்டு உறுப்பினராக இருந்தவர்.

நவோமி 1957-ல் பிறந்தார். தந்தை 1975-ல் காலமானார். அப்போது நவோமிக்கு வயது 18.

சமோவாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைவர் உண்டு. அவரை "மட்டாய்" என்பார்கள். தலைவருக்குப் பட்டப்பெயர் சூட்டுவார்கள். "பியாமே" என்பது அப்படி ஒரு பட்டம். நவோமியின் தந்தைக்குப்பின் அது யாருக்கு என்று வழக்கு நடந்தது. நியூசிலாந்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நவோமி, படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். 1978-ல் பட்டம் அவருக்கே கிடைத்தது. அப்போது அவருக்கு இளம் வயதுதான்!

முதல் பெண் மந்திரி

1985-ல் லோட்டோபாகா தொகுதியில் வெற்றி பெற்றுப் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். அந்தக் காலத்தில் குடும்பத் தலைவர்களுக்கு மட்டுமே ஓட்டுரிமை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று 1990-ல்தான் மக்கள் தீர்ப்பளித்தார்கள்.

1991-ல் நவோமி கல்வி மந்திரி ஆனார். சமோவாவில் மந்திரி பதவி பெற்ற முதல் பெண் அவரே. அந்தப் பதவியில் 15 ஆண்டுகள் இருந்தார். பிறகு பெண்கள் நல மந்திரி, நீதி மந்திரி. 2016-ல் துணைப் பிரதமர்.

அடுத்த படி, பிரதமர் பதவிதான். ஆனால் அவர் செய்தது என்ன தெரியுமா? 2020 செப்டம்பரில் ராஜினாமா செய்தார்!

காரணம், 3 மசோதாக்கள். சமோவாவில் பெரும்பகுதி நிலம் குடும்பங்களின் பொதுச் சொத்து. நில வழக்கையும் பட்ட வழக்கையும் விசாரிக்கத் தனிக் கோர்ட்டு உண்டு. அதன் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட முடியாதபடி செய்வது அரசின் திட்டம். "இது சட்டத்தின் ஆட்சியைக் குலைக்கும்" என்பது நவோமியின் கட்சி.

பத்தில் ஒரு பெண்!

ராஜினாமாவுக்குப்பின் "பாஸ்ட்" என்ற புதிய கட்சியில் சேர்ந்து, அதன் தலைவரானார். 2021 ஏப்ரலில் தேர்தல். மொத்தம் 51 இடங்கள். "பாஸ்ட்" கட்சிக்கு 25. பிரதமர் துயிலாயேபாவின் கட்சிக்கும் 25! அவர் 22 ஆண்டுகளுக்கு மேல் பிரதமராக இருந்தவர். மீதி ஒருவர் சுயேச்சை.

சுயேச்சை உறுப்பினர் நவோமி பக்கம் வருமுன்னே, ஒரு வேடிக்கை நடந்தது. பார்லிமெண்டில் குறைந்தது 10 சதவீதம் பெண்கள் இருக்கவேண்டும் என்பது சட்டம். 51-ல் 10 சதவீதம் என்றால் 5.1. வெற்றி பெற்ற பெண்களோ 5 பேர். "இன்னும் ஒரு பெண் வேண்டும்" என்று சொல்லி, துயிலாயேபா கட்சிப் பெண் ஒருவரைத் தேர்தல் கமிஷனர் உறுப்பினர் ஆக்கினார். 26-க்கு 26! பெண்களுக்காக வந்த சட்டமே, முதல் பெண் பிரதமருக்கு முட்டுக்கட்டை ஆயிற்று!

மறு தேர்தல் என்று நாட்டின் தலைவர் அறிவித்தார். சுப்ரீம் கோர்ட்டு இரண்டையும் ரத்து செய்தது. பிறகு பார்லிமெண்டுக் கூட்டமே நிறுத்தப்பட்டது. அதுவும் செல்லாது என்று, ஞாயிற்றுக்கிழமையிலும் கூடி கோர்ட்டு தீர்ப்பளித்தது. மறுநாள்தான் அந்தப் பூட்டு!

கூடாரத்தில் நடந்த பதவி ஏற்பு செல்லுமா? 2 மாதம் இழுபறி. ஜூலை 23-ந்தேதி அப்பீல் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது: "செல்லும்." அதன்பிறகே துயிலாயேபா வழிவிட்டார். இத்தனை நாளும் நாட்டில் ரத்தம் சிந்தவில்லை.

தோல்வியும் வந்தது

பிரதமரானதும், சீனாவின் உதவியோடு சுமார் 10 கோடி டாலரில் கட்ட இருந்த துறைமுகத் திட்டத்தை நவோமி கைவிட்டார். கடன்பட்ட சிறு நாட்டுக்கு இது தாங்காது என்றார்.

2025-ல் சொந்தக் கட்சியே பிளந்தது. நம்பிக்கை இல்லாத் தீர்மானங்களை இருமுறை முறியடித்தார். ஆனால் மே மாதம் பட்ஜெட் தோற்றது. மக்களிடமே போவோம் என்று தேர்தலுக்கு வழி செய்தார். ஆகஸ்டில் நடந்த தேர்தலில், அவர் தொடங்கிய புதிய கட்சிக்குக் கிடைத்தவை 3 இடங்களே.

செப்டம்பரில் "பாஸ்ட்" கட்சியின் புதிய தலைவர் பிரதமரானார். இந்த முறை பார்லிமெண்டுக் கதவை யாரும் பூட்டவில்லை.