மேனி நலம் காக்கும் நலங்கு மாவு

திருக்கோயில்களில் நடைபெறும் திருமஞ்சனத்தைக் கூர்ந்து நோக்கும் அன்பர்கள் அதில் ஓர் ஒழுங்கைக் காணலாம். பல திருக்கோயில்களில் இறைத் திருமேனிக்கு முதலில் எண்ணெய்க் காப்பு சாத்தப்பெறுகிறது. அடுத்து, எண்ணெய்ப் பசை நீங்குமாறு அரிசி மாவும், அதன்பின் மஞ்சள் பொடியும் சாத்தப்பெறுகின்றன. பால், தயிர், இளநீர், சந்தனம் முதலியன பின்னரே வருகின்றன. எண்ணெய், மாவு, மஞ்சள், நீர் என்னும் இவ்வொழுங்கே தமிழ் இல்லங்களின் எண்ணெய் நீராட்டிலும் அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

சனிக்கிழமைகளில் ஆடவரும், செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மகளிரும் எண்ணெய் தேய்த்து நீராடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். தலைக்குச் சீயக்காய், உடலுக்குப் பயற்றம் பொடி என்பது இல்லந்தோறும் இருந்த முறை. பயற்றுடன் கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர் முதலிய நறுமணப் பொருள்கள் சேர்ந்ததே நலங்கு மாவு. திருமணத்தில் மணமக்களுக்கு நலங்கு வைக்கும்போது இது பூசப்பெறுவதால் இப்பெயர் பெற்றது. இன்று கடைகளில் பல பெயர்களில் குளியல் பொடிகள் கிடைப்பினும், உள்ளே சேர்ந்துள்ள பொருள் இன்னதென்று அறிந்து பயன்படுத்த வீட்டில் செய்துகொள்வதே நன்று.

தோலின் இயல்பு

உடலின் உறுப்புகளுள் மிகப் பெரியது தோல். அதன் மேலடுக்கைச் செங்கல் சுவருக்கு ஒப்பிடுவர். இறந்த உயிரணுக்கள் செங்கற்களாகவும், அவற்றின் இடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்தாகவும் அமைந்துள்ளன. இச்சாந்து உறுதியாக இருக்கும்வரை உடலின் ஈரம் வெளியேறாது. வெளியிலுள்ள கிருமிகள் எளிதில் உட்புகா. சாந்து கரையுமாயின் தோல் வறண்டு, வெடித்து, அரிப்பு உண்டாகும்.

நலமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. அதன் கார அமில அளவு ஏறத்தாழ 5 ஆகும். வழக்கமான சோப்புக் கட்டியின் அளவோ 9 முதல் 10 வரை இருக்கும். இத்தகைய காரத்தன்மையுள்ள சோப்பை நாள்தோறும் இருமுறை, மும்முறை தேய்க்கும்போது அழுக்குடன் தோலின் கொழுப்பும் கரைந்து போகிறது. முதியோரின் கெண்டைக்காலில் வெள்ளை வெள்ளையாகச் செதில் தோன்றுவதற்கும், இரவில் அரிப்பால் உறக்கம் கெடுவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

பச்சைப்பயற்றில் நீருடன் சேர்ந்து இலேசாக நுரைக்கும் சபோனின் என்னும் பொருள் இயற்கையாகவே உள்ளது. மாவும் எண்ணெய்ப் பசையை ஈர்க்கும் இயல்புடையது. எனவே பயற்றம் பொடி, மிகுதியான எண்ணெயையும் அழுக்கையும் நீக்கித் தோலுக்கு வேண்டிய நெய்ப்பைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. நல்ல நீராட்டின் இலக்கணம் இதுவே ஆகும்.

தேவையான பொருள்கள்

பச்சைப்பயறு 500 கிராம், கடலைப்பருப்பு 100 கிராம், கஸ்தூரி மஞ்சள் 50 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், உலர்ந்த ஆவாரம்பூ 50 கிராம், உலர்ந்த பன்னீர் ரோஜா இதழ் 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம், கோரைக்கிழங்கு 25 கிராம். இவை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். எல்லாம் கிடைக்காவிடினும் குறையில்லை. பயறும் சிறிது வெட்டிவேரும் மட்டுமே போதுமானவை. மற்றவை நறுமணத்திற்கும் குளிர்ச்சிக்கும் உரியன.

மஞ்சளை முழுக் கிழங்காகவே வாங்குதல் வேண்டும். பொடித்த மஞ்சளில் நிறத்திற்காக ஈயம் கலந்த சாயத்தைச் சேர்க்கும் தீய வழக்கம் சில இடங்களில் உண்டு. கஸ்தூரி மஞ்சள் சமையல் மஞ்சளின் வேறானது. கற்பூரம் போன்ற மணமுடையது.

நலங்கு மாவில் கார்போக அரிசி சேர்க்கும் வழக்கமும் உள்ளது. இதில் உள்ள சோரலென் என்னும் பொருள், தோலில் வெயில் படும்போது கடும் எரிச்சலையும் கொப்புளத்தையும் கருமையையும் உண்டாக்க வல்லது. வெண்புள்ளி நோய்க்கு மருத்துவர் மேற்பார்வையில் பயன்படும் மருந்துப்பொருள் இது. ஆகவே அன்றாடக் குளியல் பொடியில் இதனைச் சேர்க்காதிருப்பதே பாதுகாப்பு.

செய்யும் முறை

பயற்றையும் பருப்பையும் கல், மண் நீக்கி, கழுவாமல், இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். பூக்களை நிழலில் உலர்த்தினால் மணம் மாறாது. வெட்டிவேரை மண் போக அலசி, நன்கு உலர்த்திச் சிறு துண்டுகளாக நறுக்குதல் வேண்டும். கிழங்குகளை உரலில் இடித்து உடைத்துக்கொள்ள வேண்டும். கையால் ஒடித்தால் எல்லாப் பொருளும் 'சடக்'கென்று ஒடியும் பதம் வரும்வரை அரைக்கலாகாது.

மாவு இயந்திரத்தில் அரைப்போர் ஒன்றை மறத்தல் கூடாது. முன்னர் மிளகாய் அரைத்த இயந்திரமாயின், அதில் ஒட்டியுள்ள காரம் பொடியில் கலந்து உடல் முழுதும் எரியும். எனவே முதலில் இரண்டு பிடி அரிசியை அரைத்து நீக்கிவிட்டுப் பின்னர் இப்பொருள்களை அரைத்தல் வேண்டும். அரைத்த மாவை விரித்து ஆறவைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் வத்திரகாயம் செய்துகொள்ளல் வேண்டும். சலிக்காத பொடியின் திப்பிகள் தோலைக் கீறும்.

பொடியை ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி, குளியலறைக்கு வெளியே வைத்தல் வேண்டும். ஈரக்கை பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று மாதத்திற்கு வேண்டிய அளவே செய்வது நலம். நிறமோ மணமோ மாறிய பொடியை எறிந்துவிட வேண்டும்.

நீராடும் முறை

வாரம் ஒருமுறை எண்ணெய் நீராட்டிற்கு நல்லெண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ இளஞ்சூடாக்கித் தேய்த்து, கால் மணி நேரம் ஊறினால் போதும். ஒரு பிடி வெட்டிவேர், ஒரு பிடி ஆவாரம்பூ ஆகியவற்றைத் துணியில் முடிந்து, இரண்டு லிட்டர் நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு மூடிவைத்தால் மணமுள்ள குளியல் நீர் ஆயத்தமாகும். இதனை வாளியிலுள்ள தண்ணீருடன் கலந்து, வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். கொதிக்கும் வெந்நீர் தோலின் நெய்ப்பைக் கரைக்கும்.

இரண்டு மேசைக்கரண்டிப் பொடியை நீரிலோ, வறண்ட தோலுடையோர் பாலிலோ குழைத்து, மென்மையாகத் தேய்த்து உடனே அலச வேண்டும். பொடியைப் பூசிக் காயவிட்டு உரித்தால் தோல் மேலும் வறளும். பத்து நிமிடத்திற்குள் நீராட்டை முடித்து, துண்டால் ஒற்றி, ஈரப்பதம் இருக்கும்போதே கை கால்களில் சில துளி தேங்காய் எண்ணெய் தடவுதல் மிக முக்கியம். தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு ஏற்றது என்பதை, 2004ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வும் எடுத்துக்காட்டியது.

எண்ணெய் சிந்திய தரை வழுக்கும். முதியோர் பலகையில் அமர்ந்தே நீராட வேண்டும். நீராட்டு முடிந்ததும் தரையைக் கழுவிவிட வேண்டும். நீரிழிவு நோயாளிகளுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும் என்பதால், வெந்நீரின் சூட்டைப் பிறர் தொட்டுப் பார்த்துக் கொடுத்தல் நல்லது.

கருத்திற் கொள்ள வேண்டுவன

புதிதாகப் பொடி பயன்படுத்துவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். தடிப்போ அரிப்போ தோன்றினால் அப்பொடி அவருக்கு ஏற்றதன்று. புண், வெடிப்பு உள்ள இடங்களில் பொடியைத் தேய்க்கலாகாது.

பிறந்த குழந்தையை முதல் ஒரு நாள் குளிப்பாட்டாதிருத்தல் நலம் என உலக நல அமைப்பு அறிவுறுத்துகிறது. கைக்குழந்தைகளுக்கு எப்பொடியும் வேண்டுவதில்லை. வெதுவெதுப்பான நீரே போதும். குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலை அடைந்து, உயிருக்கே ஆபத்தான சளிக்காய்ச்சலை உண்டாக்கும்.

வீட்டில் பலருக்கும் ஒரே காலத்தில் இரவில் அரிப்பு மிகுமாயின் அது சிரங்காக இருக்கலாம். அனைவரும் ஒருங்கே மருத்துவம் செய்துகொள்ள வேண்டும். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தொழுநோயின் அறிகுறியாகலாம். அரசு மருத்துவமனைகளில் அதற்கு இலவச மருந்து உண்டு. முழுமையாகக் குணப்படுத்தவும் இயலும். இத்தகைய குறிகளைப் பொடி பூசி மறைத்து நாள் கடத்துதல் பெருந்தீங்கு.

நலங்கு மாவு நிறத்தை மாற்றும் என்று நம்புவதும் பிழை. தோலின் கருமை, வெயிலின் கொடுமையிலிருந்து உடலைக் காக்க இயற்கை அளித்த கவசம். நிறத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் உள்ள பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிறந்த நிறத்திற்காக வருந்தும் பெண்மக்களிடம் இதனைப் பெற்றோர் எடுத்துக் கூறுதல் கடமை.

அளவான எண்ணெய், தூய பயற்றம் பொடி, இளஞ்சூடான நீர் ஆகிய மூன்றும் எளியோர்க்கும் இயன்ற மருந்துகள். பாட்டியும் பேத்தியும் ஒன்றாக அமர்ந்து பயற்றைப் புடைத்து, பூவை உலர்த்தி ஆண்டுக்கு நான்கு முறை இப்பொடியைச் செய்துகொண்டால், மேனி நலத்துடன் வீட்டு மரபும் அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.