பட்டத்துக்குப் பிறகு – 9: பொது நிர்வாகம் படித்தால் கலெக்டர் ஆகலாமா?

"ஏம் பாப்பா, அதப் படிச்சா கலெக்டர் ஆயிடலாமா?"

எம்.ஏ. பொது நிர்வாகம் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் தருமபுரி மாவட்டத்தில் நல்லம்பள்ளி, தொப்பூர் பக்கத்துப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்பவர் மேல் தப்பில்லை. பட்டத்தின் பெயரிலேயே நிர்வாகம் இருக்கிறது, நிர்வாகம் என்றால் ஊருக்குக் கலெக்டர்தான். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டு நகர்கிற பிள்ளைகளுக்காக இந்த வாரம்.

நேரடிப் பதில்: இந்தப் பட்டத்துக்காக யாரும் அந்த நாற்காலியைத் தருவதில்லை. ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-க்கும் அப்படித்தான். விலங்கியல் படித்தவரும் சிவில் இன்ஜினியரும் உங்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். உங்களுக்குக் கிடைக்கும் சலுகை ஒன்றுதான். ஐ.ஏ.எஸ். மெயின் தேர்வில் தரவரிசைக்குச் சேரும் 1,750 மதிப்பெண்ணில் 500 விருப்பப்பாடத்துக்கு. பொது நிர்வாகத்தை அங்கே எடுத்துக்கொள்ளலாம். 2013-க்கு முன் இரண்டு விருப்பப்பாடங்கள் இருந்த காலத்தில் டெல்லி கோச்சிங் சென்டர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த பாடம் இது. இப்போது அந்த மவுசு இல்லை. ஆனால் பொது அறிவு இரண்டாம் தாளில் ஆட்சிமுறை, நலத்திட்டங்கள், உள்ளாட்சி என்று கேட்கப்படுவதில் பெரும்பகுதி உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு சேதி. தமிழக அரசு வேலைகளில் நேரடி நியமனத்துக்கு 20 சதவீத இடம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு. 2010-இல் வந்த சட்டம் அது. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழில் என்றால் செல்லாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும். தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு இது இயல்பாகவே பொருந்தும். பள்ளி, கல்லூரிச் சான்றுகளைக் கடைசி நேரத்தில் தேடி அலையாமல் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

கல்லூரி ஆசிரியர் வேலைப் பக்கம் போக நினைப்பவர்கள் யு.ஜி.சி. நெட் எழுத வேண்டும். பொது நிர்வாகம் அதில் தனிப் பாடம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய். 2024 முதல் நெட் மதிப்பெண்ணைக் காட்டியே பிஎச்.டி.யிலும் சேரலாம். ஆனால் அரசியல் அறிவியல் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, உங்கள் பட்டம் அதற்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஏமாந்தவர்கள் அதிகம்.

சரி, அப்படியானால் எதற்கு இந்தப் படிப்பு? சென்னைப் பல்கலைக்கழகம் 1937-இலேயே இதற்கு டிப்ளமோ தொடங்கிவிட்டது. இந்தியப் பொது நிர்வாகக் கழகம் டெல்லியில் 1954-இல் வந்தது. இதையெல்லாம் முதல் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிடுவீர்கள். பாடப்புத்தகத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன். தென்னிந்தியாவின் நில நிர்வாகத்துக்கு அச்சு வார்த்தது உங்கள் மாவட்டத்தில்தான்.

1792-இல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் சீமை கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். அதை நிர்வகிக்க கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அனுப்பியது சிவில் அதிகாரிகளை அல்ல, ராணுவக்காரர்களை. காரணம், மதராஸில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு நாட்டு மொழியும் தெரியாது, நாட்டு வழக்கமும் தெரியாது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களும் வந்தார்கள். அந்த உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தருமபுரிப் பகுதியில் ஏழு வருடம் இருந்தார். நிலத்தை அளந்து, தரம் பிரித்து, ஜமீன்தார் யாரும் நடுவில் இல்லாமல் குடியானவரிடமே நேராகத் தீர்வை பேசும் முறை இங்கேதான் உருவெடுத்தது. ரயத்துவாரி என்று பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோமே, அது. பிறகு 1820-இல் மன்றோ மதராஸின் கவர்னரானார். சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர் அவரே.

ரீடும் மன்றோவும் புண்ணியவான்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் வந்தது வரி வசூலிக்க. தீர்வையின் பாரம் தாங்காமல் குடியானவர்கள் நொந்த கதையும் அதே ஆவணங்களில் உண்டு. ஆனால் வயல் வரப்பில் நின்று பேசத் தெரிந்தவன்தான் நிர்வாகி என்ற கணக்கு அன்றைக்கே போடப்பட்டுவிட்டது.

அந்தக் காலத்தின் எச்சத்தை நீங்கள் வருடா வருடம் பார்க்கலாம். நல்லம்பள்ளி தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும்போது ஒரு நாள் போய் உட்காருங்கள். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அது முடிகிற சமயத்தில் பிர்க்கா பிர்க்காவாக நாள் ஒதுக்கி, வி.ஏ.ஓ.க்கள் அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஜமாபந்தி அலுவலர் கணக்கைத் தணிக்கை செய்வார், நில அளவைச் சங்கிலியை எடுத்து நீட்டச் சொல்லிப் பார்ப்பார். பட்டாவெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகும் அந்தச் சங்கிலியைப் பார்க்கும் சடங்கு நிற்கவில்லை. வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருபவர் இருப்பார். மனுவில் பாதி பட்டா மாறுதல், உட்பிரிவு. மீதி முதியோர் உதவித்தொகையும் வீட்டுமனையும். 'குடிமக்கள்–நிர்வாக உறவு' என்று நூறு பக்கம் படித்தாலும் வராத தெளிவு அந்த மரத்தடியில் அரை நாளில் வரும்.

இந்தத் தாலுகாவிலேயே நடந்த இரண்டு சம்பவங்களும் உங்களுக்குப் பாடம்தான். குடும்பத் தலைவிகளுக்கு மாத உதவித்தொகை தரும் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின் விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்தது தொப்பூரில், 2023 ஜூலை 24 அன்று. அடுத்த வருடம் 2024 ஜூலை 11 அன்று 'மக்களுடன் முதல்வர்' திட்டத்தை ஊரகப் பகுதிகளுக்கு விரிவாக்கிய விழா பாளையம்புதூரில். 15 துறைகளை ஒரே பந்தலுக்குள் கொண்டுவந்து மனு வாங்கி, 30 நாளில் தீர்வு என்று அறிவித்தார்கள்.

மகளிர் உரிமைத் தொகையை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 21 வயது நிறைந்த பெண். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள். வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம். வீட்டில் கார் இருக்கக்கூடாது. வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் சொன்னதை அரசு தன்னிடம் இருக்கும் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. 2023 செப்டம்பர் 15-இல் திட்டம் தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம் பெண்கள் தேர்வானார்கள். மறுக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள்.

இங்கே ஒரு மாணவருக்கு எத்தனை கேள்வி இருக்கிறது பாருங்கள். ஒரே ரேஷன் கார்டில் இரண்டு அடுப்பு எரியும் வீட்டில் 'குடும்பத் தலைவி' யார்? மகன் வாடகைக்கு ஓட்டும் காரை அம்மாவின் பெயரில் வாங்கியிருந்தால்? மானாவாரியில் கேழ்வரகும் சாமையும் போடுகிறவரின் பத்து ஏக்கரும் கிணற்றுப் பாசனத்தில் கரும்பு போடுகிறவரின் பத்து ஏக்கரும் ஒன்றா? தகுதியில்லாதவர் உள்ளே வந்துவிடுவதும் தகுதியுள்ளவர் வெளியே நின்றுவிடுவதும் எல்லா நாட்டு நலத்திட்டத்துக்கும் உள்ள இரட்டைத் தலைவலி. பிரேசிலிலும் மெக்சிகோவிலும் இதைப் பற்றி மலை மலையாக எழுதியிருக்கிறார்கள். தொப்பூரில் மறுக்கப்பட்ட முப்பது பெண்களின் மேல்முறையீடு என்ன ஆயிற்று என்று நீங்கள் விசாரித்து எழுதினால், அதற்கு ஈடாக வேறு எவரிடமும் ஒரு தாள் இருக்காது.

இந்தத் திறமைக்குத்தான் இப்போது காசு கொடுக்கிறார்கள். தமிழ்நாடு முதலமைச்சரின் ஃபெல்லோஷிப் திட்டம் 2022-இல் முதல் அணியாக 30 பேரை எடுத்தது. இரண்டு வருடம், மாதம் 60,000 ரூபாய்க்குக் குறையாத தொகை, அரசின் முக்கியத் திட்டங்களின் களநிலையைப் பார்த்துச் சொல்லும் வேலை. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் பயிற்சி தந்து, பொதுக் கொள்கையில் சான்றிதழும் தருகிறது. கலை, அறிவியல் பிரிவினர் முதுகலையில் முதல் வகுப்பு வாங்கியிருக்க வேண்டும். வயது 22 முதல் 30. பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியலினத்தவருக்கும் தளர்வு உண்டு. தமிழ் தெரிந்திருப்பது கட்டாயம். எழுத்துத் தேர்வு இரண்டு கட்டம், பிறகு நேர்முகம். நேர்முகத்தில் புத்தக வரையறையை ஒப்பிக்கிறவரைவிட, ஒரு திட்டம் தன் ஊரில் எங்கே சிக்கிக்கொண்டது என்று சொல்கிறவர் எடுபடுவார் என்பது என் ஊகம்.

ஐ.ஏ.எஸ். கனவைக் கைவிட மனமில்லாதவர்களுக்குத் தமிழக அரசின் 'நான் முதல்வன்' ஊக்கத்தொகை. தேர்வு வைத்து வருடத்துக்கு 1,000 பேரை எடுத்து மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். முதல்நிலைத் தேர்வில் ஜெயித்தால் மெயினுக்கு 25,000 ரூபாய். சென்னையில் அரசு நடத்தும் அகில இந்தியக் குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி மையத்தில் தங்கிப் படிக்கலாம். டி.என்.பி.எஸ்.சி.க்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு. இத்தனை இருக்கும்போது நிலத்தை அடகு வைத்து டெல்லிக்கு அனுப்பும் பெற்றோரைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால் பெங்களூரு. அங்கே தேசிய சட்டப் பள்ளியில் பொதுக் கொள்கை முதுகலை இருக்கிறது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். வெளிநாடு என்றால், பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவி 36 லட்சம் ரூபாய் வரை. பிரிட்டனின் செவனிங் உதவிக்கு ஏறக்குறைய இரண்டு வருட வேலை அனுபவமும், ஃபுல்பிரைட்–நேருவுக்கு மூன்று வருடமும் வேண்டும். படித்து முடித்த கையோடு விண்ணப்பித்து ஏமாறாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கையில் ஒரு உருப்படியான ஆய்வேடு வேண்டும். பலர் 'இந்தியாவில் மின்னாளுகை: ஒரு பார்வை' என்று எழுதி, யாரும் பிரிக்காத அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். நல்லம்பள்ளியைச் சுற்றி தலைப்புக்கா பஞ்சம்? செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குச் சுங்கம் வசூலிப்பது யார், எந்த விகிதத்தில், அந்தக் காசு எங்கே போகிறது? தொப்பூர் கணவாயில் விபத்து நடந்தால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், போலீஸ், போக்குவரத்துத் துறை மூன்றில் யார் பொறுப்பு? தடங்கம், அதகப்பாடி பக்கத்து சிப்காட்டுக்கு நிலம் எடுத்த நடைமுறை எப்படி இருந்தது? ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் கைக்கு வந்தபின், தெருவிளக்கு புகாருக்கு மக்கள் யாரிடம் போனார்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே மாவட்டத்து வாச்சாத்தியைப் படிக்காமல் யாரும் பொது நிர்வாகத்தில் பட்டம் வாங்கக்கூடாது என்பது என் பிடிவாதம். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல், வருவாய்த் துறையினர் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி அந்த மலைவாழ் மக்கள் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லோரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே தேதியில் சென்னை உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்து, அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 'பொறுப்புடைமை' என்ற அலகுக்கு இதைவிட எந்த உதாரணம் வேண்டும்? எத்தனை வகுப்பறையில் இது பேசப்படுகிறது?

தகவல் திரட்டுவதற்குக் கலெக்டர் ஆபீசில் தெரிந்தவர் இருக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் கேள்வியை எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 'ஏன்' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. எத்தனை மனு, எந்தத் தேதி, என்ன உத்தரவு என்று பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஆய்வேட்டைக் கொடுக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் நான்கு மாதமாவது கையில் இருக்க வேண்டும். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தோடு போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள்.

அடுத்த வாரம்: சமூகப் பணி முதுகலை முடித்தவர்களுக்கு.

(தொடரும்)